பாரம் இல்லாமல் அழாது

ஓடுகிற இரும்பைக் கழற்றிக் கடலில் போடச் சொல்லும் மனிதரை நெல்லையப்பன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

"பின்னால சுத்துற இரும்பு ஒண்ணு விடப்பிடாது, எல்லாத்தையும் மாத்திரு. பழசு பூராவும் எங்கிட்ட வரணும். ஒரு போல்ட்டு குறையப்பிடாது, ஆமா" என்றார் கணேசபாண்டியன்.

ஜீப் பட்டறை வாசலில் நின்றது. மிலிட்டரிக்காரன் கழித்துக் கட்டிய வண்டி. முலுண்ட் ஷெட்டிலிருந்து தாராவி வரைக்கும் முன்சக்கரங்களின் இழுப்பை மட்டும் வைத்தே அதை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்; நாலு சக்கரத்துக்கும் எஞ்சின் இழுப்பு உள்ள வண்டி அது. பின்சக்கரங்கள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைபோல் சும்மா உருண்டு வந்தன. பின் அச்சின் நடுவே குடம்போல உப்பியிருக்கும் இடத்தில் யாரோ மஞ்சள் துணி சுற்றி, அதில் எலுமிச்சம்பழங்களைக் கோத்துக் கட்டியிருந்தார்கள். பழங்கள் காய்ந்து கறுத்துக் கிடந்தன.

நெல்லையப்பன் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தான். "அண்ணாச்சி! ஒரு பக்கத்துப் பின்சக்கரத்தச் சுத்துற சாஃப்ட்டு ஒடிஞ்சு கெடக்கு! அத மாத்தினாலே வண்டி ஓடும்! மத்ததப் பிரிச்சுப் பாத்துத்தான் சொல்லணும்!"

கத்தித்தான் சொன்னான். கணேசபாண்டியனிடம் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். வாலிபத்தில் கப்பல் துறையில் வருஷக்கணக்காக இரும்புத் தகட்டில் ரிவெட் அடித்த காது அது. கனத்த ஓசை கொஞ்சம் விழும். கீச்சென்ற சத்தம் எதுவும் விழாது. வீட்டில் கைக்குழந்தை வீறிட்டால்கூட அதன் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாராம். இப்போது அவர் லேபர் காண்டிராக்டர். மாட்டுங்கா லேபர் கேம்பில் பாதி வீட்டு அடுப்பு அவர் கொடுக்கும் வேலையில்தான் புகைகிறது.

"பிரிச்சுப் பாக்க என்ன கெடக்கு? மாத்துன்னா மாத்து. கோடாங்கி சொல்லிட்டான்."

"கோடாங்கியா? அவரு எப்பம் மெக்கானிக் ஆனாரு?"

கணேசபாண்டியன் சிரிக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். காது மந்தமானவருக்கு ரகசியம் பேச வராது; பட்டறை முழுக்கக் கேட்கும்படி ரகசியம் சொன்னார்.

"எனக்குப் பின்னால ஒண்ணு அழுதுக்கிட்டே வருதாம்லே. போன வருசமே கூலியாளுவ சொல்லுவானுவ, 'அண்ணாச்சி, ஒங்க வண்டிக்குப் பின்னால ஒரு பொம்பள அழுதா'ன்னு. எனக்குக் கேக்காது. கேட்டுத் தொலைச்சாலாவது பரவாயில்ல. என்ன சொல்லி அழுதான்னு தெரியும். சுத்துற இரும்புலதான் குடியிருக்குன்னு கோடாங்கி குறி சொல்லிட்டான்."

லேத் அருகில் நின்ற இன்னாசிமுத்துவால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. அவன் நெல்லையப்பனின் கூட்டாளி. தூத்துக்குடிக்காரன். வாயில் பீடி இருந்தாலும் பேச்சு நிற்காது.

"பேய்க்கு ஒக்கார பம்பாயில வேற எடமே கெடைக்கலியா? இந்தக் கியர் ஆயில் நாத்தத்துல நாங்களே மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கோம். அந்தக் குடத்துக்குள்ள சுத்துற கிரவுன் பல்லு தேஞ்சா எந்த வண்டியும் அழத்தான் செய்யும், அண்ணாச்சி!"

கணேசபாண்டியனுக்கு அதில் பாதிதான் விழுந்தது. மீதியைக் கையால் தள்ளினார். "வெள்ளிக்கிழம சாயங்காலம் இசக்கியம்மன் கோயில்ல ஒந்தங்கச்சிக்குப் பேய் ஓட்டுதோம்லா? வண்டிய அங்கன கொண்டாந்துரு. பழைய இரும்ப அம்மன் முன்னால வச்சு, பழம் அறுத்து, கையோட கடல்ல போட்டுரலாம். செலவு பூரா என்னுது. ரெண்டு பீடையும் ஒண்ணா ஒழியட்டும்."

தங்கச்சி என்ற சொல் விழுந்ததும் நெல்லையப்பனின் முகம் சுருங்கியது.

*

அவன் தங்கை பூமாரிக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சந்து முழுக்கப் பேச்சு.

போன வருஷம், பாகிஸ்தானோடு சண்டை நடந்த நாட்கள். பம்பாயில் பொழுது சாய்ந்தால் ஒரு விளக்கு எரியக் கூடாது. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம், வண்டி விளக்குக்குக் கறுப்பு மை. போதாததற்கு அடை மழை வேறு. லேபர் கேம்பின் பின்னால், மாஹிம் சதுப்பைப் பார்த்த கடைசிச் சந்தில் பூமாரியின் குடிசை. தோல் ஷாப்பில் வேலை முடிந்து சதுப்போரப் பாதையாக வரும் புருஷன் பூலோகத்துக்காகக் காத்துக்கொண்டு அவள் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாயோடு உட்கார்ந்து பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அழுகை கேட்டது.

சந்தில் இருந்த எல்லோரும் கேட்டார்கள். சதுப்புப் பக்கமிருந்து ஒரு பெண் விம்மி விம்மி அழுவதுபோல. அழுகை நெருங்கியது, நின்றது, மறுபடி கதறி ஒரேயடியாக அடங்கியது. கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. பிறகு ஒரு குரல், மழைக்குள்ளிருந்து, "பூமாரி..." என்று கூப்பிட்டது.

தெற்குச் சீமையிலிருந்து சோற்றோடு சேர்த்துக் கொண்டுவந்த சட்டம் ஒன்று அந்தச் சந்தில் உண்டு. இருட்டு நேரத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எடுத்த எடுப்பில் 'ஏன்' என்று கேட்கக் கூடாது. பேய் மூன்று தடவைக்கு மேல் கூப்பிடாது. நாலாவது தடவையும் கூப்பிட்டால் மனுஷன். அதுவரை வாயைத் திறந்தால் உயிர் அந்தக் குரலோடு போய்விடும்.

பூமாரி பாய்ந்து எழுந்தாள். ஆறுமுகத்தாய் அவள் மேல் விழுந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். மற்ற வீடுகளில் காதைப் பொத்திக்கொண்டார்கள். ரேடியோவை உரக்க வைத்தார்கள். சண்டைச் செய்தி அலறியது.

காலையில் பூலோகம் பாதையோரப் பள்ளத்தில் கிடந்தான். வாயோரம் ரத்தம் காய்ந்திருந்தது. வழுக்கி விழுந்திருப்பான் என்று போலீஸ் முடித்தது. வாயில் ரத்தம் என்றால் பேய் அடி என்று சந்து முடித்தது.

பூமாரி மட்டும் முடிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கூப்பிட்டது அவருதான். நீங்க விடல." மழை பெய்தால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சதுப்பைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். அழ மாட்டாள். அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது. கூப்பிட்ட பேய் அவளுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது என்றார்கள்.

இப்போது பூலோகத்தின் அண்ணன் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தான். "பேய் பிடிச்சவ கையில எங்க வீட்டுப் பிள்ளைய விட்டு வைக்க முடியாது. சனிக்கிழம ரயிலுக்கு நான் பேராச்சியக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றான். பேராச்சிக்கு ஐந்து வயது. அம்மா கழுத்தைவிட்டு இறங்காத பிள்ளை. தடுக்க ஒரே வழிதான் இருந்தது. வெள்ளிக்கிழமை இசக்கியம்மன் முன்னால், கையில் வேப்பிலை பிடித்து, 'கூப்பிட்டது பேய்தான்' என்று பூமாரி தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் பேய் இறங்கிவிட்டதாக அர்த்தம். பிள்ளை அவளோடு இருக்கும். சொல்லாவிட்டால் ரயில்.

"சொல்லித் தொலையேன்ளா" என்று நெல்லையப்பன் கெஞ்சினான். "ஒரு வார்த்ததான? சாமி கோவிக்காது."

பூமாரி பிள்ளையின் தலையில் பேன் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "அவரு கடைசியாப் பேசின வார்த்த எம் பேருதான், அண்ணே. அதையும் பேய்க்குத் தூக்கிக் குடுத்துருன்னு சொல்லுதியா?"

பூலோகம் செத்த ராத்திரி நெல்லையப்பன் செம்பூரில் ஒரு லாரிக்கு ஸ்பிரிங் மாட்டிக்கொண்டிருந்தவன். எந்தக் குரலையும் கேட்காதவன். யார் பக்கம் பேசுவது?

*

வியாழக்கிழமை குர்லா பழைய இரும்புக் கடையிலிருந்து நல்ல சாஃப்ட் ஒன்று கிடைத்தது. ஒடிந்ததை உருவிவிட்டுப் புதியதைச் செருகினார்கள். உருவிய பக்கத்துச் சக்கர டிரம்மைத் தட்டியபோது உள்ளே சாம்பல் நிறத்தில் காய்ந்த சேறு கட்டி கட்டியாக உதிர்ந்தது. இன்னாசிமுத்து ஒரு கட்டியை மூக்கருகே கொண்டுபோனான்.

"முலுண்ட் சேறு சிவப்பால்ல இருக்கும்? இது உப்பு நாறுது. நம்ம வீட்டுக் கொல்லைச் சேறு, வே இது."

நெல்லையப்பன் கேட்டுக்கொண்டான், மனதில் போடவில்லை. "கிரவுனப் பிரிக்க முன்னால ஓட்டிப் பாத்துருவோம்" என்றான். பின் அச்சு வேலையில் அது அவன் வழக்கம். பிரித்த பிறகு பல் பேசாது. எந்தப் பல், எப்போது, எப்படிக் கத்துகிறது என்று ஓடும்போதே கேட்டுக்கொண்டுவிட வேண்டும்.

நெல்லையப்பன் ஓட்டினான். இன்னாசிமுத்து பின்னால் குப்புறப் படுத்து, நீள ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையைத் தகட்டிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக்கொண்டான். வானம் மூடிக்கொண்டு வந்தது. பட்டறைச் சந்தைத் தாண்டி, மெயின் ரோட்டில் வேகம் எடுக்கிறவரை ஒன்றுமில்லை, வெறும் உறுமல்.

லேபர் கேம்ப் திருப்பத்தில் நெல்லையப்பன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான்.

அழுகை தொடங்கியது.

முதலில் மூக்கால் முனகுவதுபோல் மெல்லிசாக. சட்டென்று அது மேலே ஏறித் தொண்டை கிழிய ஒரு கதறல். வண்டி தணியத் தணிய விம்மலாக இறங்கி, தேம்பித் தேம்பி அடங்கியது. நெல்லையப்பனுக்கு இரும்பின் ஓசை எல்லாம் அத்துப்படி. தேய்ந்த பினியன் பல் கிரவுனோடு உரசும் ஓசை இது என்று மூளை சொன்னது. ஆனாலும் பிடரி மயிர் நட்டுக்கொண்டு நின்றது. குழாயடியில் பேச்சு நின்றது. கோலி விளையாடிய பிள்ளைகள் ஓடி ஒளிந்தன. யாரோ ஒரு கதவைச் சாத்தினார்கள், பட்டப்பகலில்.

குழாயடி வரிசையில் பூமாரி நின்றிருந்தாள்.

இடுப்புக் குடத்தை மெதுவாகத் தரையில் வைத்தாள். தூக்கத்தில் நடப்பவள்போல வண்டியை நோக்கி வந்தாள். கூச்சல் இல்லை, மயக்கம் இல்லை. வண்டியின் பின்பக்கம் வந்து, ஸ்டெப்னி டயர் மேல் உள்ளங்கையை வைத்தாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.

"இதுதான், அண்ணே" என்றாள். "அன்னைக்கு மொதல்ல அழுதது இதுதான்."

இன்னாசிமுத்து எழுந்து உட்கார்ந்தான்.

*

பட்டறைக்கு வந்ததும் நெல்லையப்பன் ஒடிந்த சாஃப்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முறுக்கிய கரும்புபோல் திருகிக்கொண்டு ஒடிந்திருந்தது. முறிந்த முகத்தில் ஒரு மழைக்காலத் துரு. அவன் கண் தரையில் கிடந்த சாம்பல் சேற்றுக் கட்டிகளுக்குப் போய் அங்கேயே நின்றது.

"சதுப்புல இறங்கிச் சக்கரம் மாட்டியிருக்கு" என்றான். "வெளிய எடுக்கணும்னு வெறி பிடிச்ச மாதிரி மிதிச்சிருக்காரு அண்ணாச்சி. அதுல முறுக்கிக்கிட்டு ஒடிஞ்சிருக்கு. பெறவு முன்சக்கரத்துல இழுத்துக்கிட்டு நேரா முலுண்டுக்குப் போயி, வண்டிய ஒளிச்சு வச்சிருக்காரு."

"அப்பம் பூலோகத்த..."

"ஆமா."

இன்னாசிமுத்து சிலுவை போட்டுக்கொண்டான். "போலீஸுக்குப் போவோம். சலோ."

"போயி? சேத்துக் கட்டியக் காட்டவா, வண்டி அழுததுன்னு சொல்லவா? அவரு ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே கேம்புல பாதிப் பேருக்கு வேல கெடையாது. நமக்குச் சாட்சி சொல்ல ஒரு பயலும் வரமாட்டான்."

"என்னதான்வே செய்யச் சொல்லுத? கிரவுன மாத்தி அவர் கையில குடுத்துட்டா நாளைக்குக் கடல்ல போட்டுருவாரு. அப்புறம் பூமாரி கேட்டத இந்த ஒலகத்துல வேற ஒருத்தரும் கேக்க முடியாது."

"மாத்தினாத்தான?"

இன்னாசிமுத்து பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தான்.

"நாளைக்கு நீதான் வண்டிய ஓட்டிக்கிட்டு வரணும்" என்றான் நெல்லையப்பன். "முக்குவரைக்கும் நல்லா மிதிச்சு வா. கோயில் சந்துல திரும்பினதும் காலை எடுத்துரு. சந்து சனம் மொத்தமும் அங்கதான் இருக்கும். பகல் வெளிச்சத்துல, கண்ணால பாத்துக்கிட்டே கேக்கட்டும். பேயி இல்ல, பல்லு தேஞ்ச இரும்புன்னு தெரியட்டும். அது போதும் பூமாரிக்கு."

"பேய்க்கு டிரைவர் வேல! எங்க பாதர் கேட்டா பாவசங்கீர்த்தனக் கூண்டுலயே வச்சுப் பூட்டிருவாரு" என்றான் இன்னாசிமுத்து. சொல்லிவிட்டு, அச்சில் கட்டியிருந்த எலுமிச்சம்பழங்களை அவிழ்க்காமல் அப்படியே விட்டான். கையை மட்டும் இரண்டு தடவை கழுவினான்.

நெல்லையப்பனுக்குள் ஒரு முள் மட்டும் நெருடிக்கொண்டே இருந்தது. மொதல்ல அழுதது, என்றாளே. அது என்ன மொதல்ல?

*

வெள்ளிக்கிழமை. வானம் ஈரச் சாக்குபோல் தொங்கியது. இசக்கியம்மன் கோயில் என்பது தகரக் கொட்டகையும் ஒரு வேப்பமரமும்தான். சந்து மொத்தமும் அங்கே கூடியிருந்தது. முன்வரிசையில், ஜமுக்காளத்தில், செலவு செய்கிறவர் என்ற மரியாதையோடு கணேசபாண்டியன் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். சாம்பிராணிப் புகை. நடுவில் பூமாரி, தலையவிழ்த்து, கையில் வேப்பிலைக் கொத்தோடு. பேராச்சி பெரியப்பனின் மடியில் திமிறிக்கொண்டிருந்தாள்.

கோடாங்கியின் உடுக்கை அதிர்ந்தது.

"யாரு நீ? சொல்லு! அன்னைக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டது யாரு? நீதான?"

பூமாரி பிள்ளையைப் பார்த்தாள். உதடு திறந்தது, மூடியது. பிள்ளை கையை நீட்டி "எம்மா" என்றது. மறுபடி உதடு திறந்தது. சொல்லிவிடுவாள் என்று நெல்லையப்பனுக்குத் தெரிந்துபோயிற்று. இன்னும் ஒரு மூச்சு, சொல்லிவிடுவாள். எங்கே போய்த் தொலைந்தான் இந்த இன்னாசி?

"சொல்லு! வாயத் தொறந்து சொல்லு! அழணும்னா அழு! ஒங்குரலக் காட்டு!" என்று கோடாங்கி உச்சத்தில் கத்தினான்.

அப்போது சந்து முக்கில் அழுகை கேட்டது.

மெல்லிய முனகல். ஏறிய கதறல். பிறகு விம்மி விம்மி, நெருங்கி நெருங்கி.

ஒரு வருஷமாக எல்லோரும் கனவில் கேட்டு வேர்த்த அதே குரல். உடுக்கை பாதி அடியில் நின்றது. கோடாங்கி பின்வாங்கி வேப்பமரத்தில் முட்டிக்கொண்டான். பெண்கள் பிள்ளைகளின் முகத்தைச் சேலையில் புதைத்தார்கள். எல்லாக் கண்ணும் ஒரே திசையில், கணேசபாண்டியனின் முதுகுக்குப் பின்னால், சந்து முக்கை நோக்கி நிலைகுத்தி நின்றன.

அந்தக் கூட்டத்தில் அழுகையைக் கேட்காதவர் ஒரே ஒருவர்தான்.

உடுக்கையின் அதிர்வு நின்றது மட்டும் அவருக்குத் தெரிந்தது. கணேசபாண்டியன் கண்ணைத் திறந்தார். வெளிறிப்போன முகங்களைப் பார்த்தார். அந்த முகங்கள் தன்னைத் தாண்டிப் பின்னால் எதையோ பார்ப்பதைப் பார்த்தார்.

"என்னலே? என்ன? ஏன் எல்லாரும்..."

எதிரே இருந்தவர்கள் இன்னும் பின்னுக்கு நகர்ந்தார்கள்.

"வந்துருச்சா?" அவர் குரல் உடைந்தது. "எனக்குப் பின்னாலயா? அழுவுதா? சொல்லுங்கலே, அழுவுதா?"

திரும்பிப் பார்த்திருந்தால் தன்னுடைய ஜீப்பைத்தான் பார்த்திருப்பார். ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னாசிமுத்துவையும் பார்த்திருப்பார். அவர் திரும்பவில்லை. குப்புற விழுந்தார். மண்ணில் நெற்றியை முட்டி முட்டி அலறினார்.

"நான் வேணும்னு இடிக்கலய்யா, பூலோகம்! வெளக்கு போடப்பிடாதுன்னு சட்டம், மழ வேற, கண்ணு தெரியல! இடிச்ச பெறவுதான் ஆளுன்னு தெரிஞ்சுது. வண்டி சேத்துல மாட்டி, எடுக்கிறதுக்குள்ள எனக்கு உசிரு போயிட்டு... நீ செத்துட்டன்னு நெனச்சேன்ய்யா! நீ ஒரு சத்தம் போடலியே! ஒரு சத்தம் போட்டிருந்தா நான் எறங்கி வந்து பாத்திருக்க மாட்டனா?"

ஜீப் கோயில் முன்னால் வந்து நின்றது. அழுகையும் தேம்பி நின்றது. இன்னாசிமுத்து இறங்கி, கூட்டத்தையும் கீழே கிடக்கும் மனிதரையும் மாறி மாறிப் பார்த்தான்.

இவ்வளவு பலிக்கும் என்று நெல்லையப்பனே எதிர்பார்க்கவில்லை. முன்னால் வந்தான். "கேட்டீங்கள்லா? பேயி இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. பல்லு தேஞ்ச இரும்பு. இதத்தான் அன்னைக்கு எல்லாரும் கேட்டீங்க."

கூட்டம் மூச்சு விட்டது. யாரோ அசட்டுத்தனமாகச் சிரித்தார்கள். பூலோகத்தின் அண்ணன் பிள்ளையை இறுக்கிக்கொண்டு எழுந்தான்.

"சரிதான். எந்தம்பியக் கொன்னவன் இந்தாக் கெடக்கான், அவனப் பெறவு பாத்துக்கிடுதேன். ஆனா அழுதது வண்டிதான்னா, இவளக் கூப்பிட்டது யாரு? வண்டியா பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு? வண்டிச் சத்தத்தக் கேட்டுட்டு 'எம் புருசன் கூப்பிட்டாரு'ன்னு ஒரு வருசமா ஆடுதாளே, அதுக்குப் பேரு பேயி இல்லன்னா பைத்தியம். எப்படிப் பாத்தாலும் பிள்ள எங்கூடத்தான் வரும்."

நெல்லையப்பன் தங்கையைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். இத்தனை நாளும் யாருக்காகக் காத்திருந்தாளோ, அந்த ஆள் வந்துவிட்டானா என்று பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள்.

மொதல்ல அழுதது இதுதான்.

முள் அப்போதுதான் உள்ளே இறங்கியது. வண்டியின் பின்னால் சாக்கில் சுற்றி வைத்திருந்த ஒடிந்த சாஃப்ட்டை எடுத்தான்.

"எல்லாரும் கேளுங்க" என்றான். "பாரம் இல்லாம இது அழாது. இது சக்கரத்த இழுக்கணும், இல்லன்னா சக்கரம் இத இழுக்கணும். அப்பத்தான் பல்லு பல்லோட உரசி அழும். அன்னைக்குச் சேத்துல மிதிச்ச மிதியில இந்தா, இந்தச் சாஃப்ட்டு ஒடிஞ்சிட்டு. ஒடிஞ்ச பெறவு பின்சக்கரத்துக்குப் பாரமே போகாது. முன்சக்கரத்துல வண்டி எம்புட்டுத் தூரம் போனாலும் இது ஒரு முனகல்கூட முனகாது. முந்தாநாத்து முலுண்ட்டுலருந்து அப்படித்தான் வந்துச்சு. ஒரு ஆளாவது அழுகையக் கேட்டீங்களா?"

ஒருவரும் கேட்கவில்லை.

"அப்பம் அழுகை நின்ன பெறவு..." அவன் சாஃப்ட்டைச் சனத்தின் முன்னால் தூக்கிப் பிடித்தான். "அழுகை நின்ன பெறவு நீங்க கேட்டது இரும்பு இல்ல."

வேப்ப மரத்திலிருந்து நேற்றைய மழை சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டு ஒவ்வொன்றும் கேட்டது. கீழே கிடந்த கணேசபாண்டியன் மட்டும் எதுவும் காதில் விழாமல், "ஒரு சத்தம் போடலியே, ஒரு சத்தம் போடலியே" என்று மண்ணிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

பூமாரி வேப்பிலையைக் கீழே போட்டாள். அவிழ்ந்த தலையை முடிந்துகொண்டாள். பெண்கள் வரிசையில் ஆறுமுகத்தாயின் முன்னால் போய் நின்றாள். குரலில் கோபமே இல்லை. உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோல் கேட்டாள்.

"எத்தன தடவ கூப்பிட்டாரு, அத்தே?"

ஆறுமுகத்தாய் தலை குனிந்தாள்.

"மத்தவுக காதப் பொத்திக்கிட்டாக. ரேடியோவ அலற விட்டாக. ஒங்க ரெண்டு கையும் எம் வாயில இருந்துச்சு. ஒங்க காத யாரும் பொத்தல. நீங்க கேட்டீக. மூணு தடவைக்கு மேல பேயி கூப்பிடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததும் நீங்கதான். சொல்லுங்க அத்தே, எத்தன தடவ?"

ஆறுமுகத்தாய் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பிப் பார்த்தாள், அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதுபோல.

"எண்ணினேன், தாயி" என்றாள். "மூணுவரைக்கும் எண்ணினேன். நாலாவதும் கூப்பிட்டான். பயந்துபோயி, மறுபடி ஒண்ணுலருந்து எண்ணினேன். மறுபடி நாலு. மறுபடி... விடிய முன்னாலதான், தாயி, நின்னுச்சு."

ஒரு பெண் 'ஓ' என்று வாயில் அடித்துக்கொண்டாள். சந்தே தலை குனிந்தது. பூலோகத்தின் அண்ணன் கையிலிருந்து பேராச்சி தானாக நழுவி இறங்கினாள், அவன் பிடிக்கவில்லை. பிள்ளை ஓடி வந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது.

ஆண்கள் சிலர் கணேசபாண்டியனைத் தூக்கி நிறுத்தி ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அவர் ஒவ்வோர் எட்டுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பின்னால் அழுகிறதா என்று கூட வந்தவர்களைக் கேட்டார். "இல்ல அண்ணாச்சி" என்றார்கள். அவர் நம்பவில்லை. அவர் இனி யார் சொல்லையும் நம்பப்போவதில்லை.

மழை பிடித்துக்கொண்டது. பூமாரி கோயில் அரிக்கேன் விளக்கை எடுத்து, மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, சதுப்பை நோக்கி நடந்தாள். இந்தத் தடவை அவளை யாரும் பிடிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நெல்லையப்பன் திரும்பிப் பார்த்தான். சந்துப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு விளக்கோடு பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு விளக்கும் இல்லாமல் கிடந்த அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் போய் வரிசையாக நின்றார்கள். நாணல் தலையாட்டியது. அங்கே யாருமில்லை.

ஆறுமுகத்தாய் சேற்றில் இரண்டு எட்டு இறங்கினாள்.

"பூலோகம்!" என்று கூப்பிட்டாள்.

மழை. அதற்கப்பால் ஒன்றுமில்லை.

"பூலோகம்!... எய்யா, பூலோகம்!"

நெல்லையப்பன் தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தான். மூன்றாவதோடு அவள் ஒரு கணம் நின்றாள். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி மூச்சைப் பிடித்தாள்.

ஆறுமுகத்தாய் நாலாவது தடவையும் கூப்பிட்டாள். கூப்பிடுவது மனுஷிதான் என்று பூலோகத்துக்குத் தெரிய வேண்டுமே. பிறகு ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொள்ள, இருட்டுகிறவரை அவர்கள் நிறுத்தவே இல்லை.